தன்பாலீர்ப்பு நாமே தேர்ந்தெடுப்பதா? மதங்கள் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகனோ மகளோ சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, தூக்கம் வராமல் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவும், அந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் பிள்ளைகளுக்காகவும் இந்தப் பக்கம். சட்ட விவரங்கள் இந்தியாவை, குறிப்பாகத் தமிழ்நாட்டை ஒட்டியவை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

‘ஓரினச்சேர்க்கை’ என்று சொல்லக் கூடாதா?

பத்திரிகைகளில் இன்னும் அந்தச் சொல்தான் அதிகம் புழங்குகிறது. ஆனால் ‘சேர்க்கை’ என்றதும் ஒரு மனிதரின் அன்பும் ஏக்கமும் துணைதேடலும் மறைந்து, படுக்கை மட்டும் கண்முன் நிற்கிறது. யாரையும் தொட்டிராத பதினாறு வயதுப் பையனுக்கும் பாலீர்ப்பு உண்டு. அதனால் தன்பாலீர்ப்பு, தன்பாலின ஈர்ப்பு என்ற சொற்களைப் பயன்படுத்துகிறோம். சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசும் 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் திருநங்கை அல்லர். தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். மனம் யாரை நாடுகிறது என்பது பாலீர்ப்பு. திருநங்கைகளைப் பற்றித் தமிழில் ஓரளவுக்குப் பேசிவிட்டோம். தன்பாலீர்ப்பு பற்றி அந்த அளவுக்குப் பேசாததால்தான் பல பெற்றோர், “அப்போ நீ பொம்பளையா மாறப்போறியா?” என்று முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள்.

இது அவரவர் தேர்ந்தெடுப்பதுதானே?

இல்லை. உளவியலும் மருத்துவமும் இதில் தெளிவாக இருக்கின்றன. யாரோடு வாழ்வது, யாரிடம் சொல்வது, உறவு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பனவெல்லாம் தேர்வுகள். யாரைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது என்பது தேர்வில் அடங்காது. பெரும்பாலோருக்கு அது பருவ வயதை ஒட்டி, சிலருக்கு அதற்கும் முன்பே, கேட்காமல் வந்து நிற்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தது போன்ற ஒரு சான்று உண்டு. பிறவிக் குறைபாட்டாலோ விபத்தாலோ ஆணுறுப்பு இல்லாமல் போன சில ஆண் குழந்தைகளை, கடந்த நூற்றாண்டில் மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்து பெண்ணாகவே வளர்க்கச் சொன்னார்கள். பெயர், உடை, வளர்ப்பு எல்லாம் பெண்ணுக்குரியவை. வளர்ந்த பிறகு அவர்களில் பாலீர்ப்பு பற்றிய தகவல் கிடைத்தவர்கள் ஏழு பேர். அத்தனை பேருமே முழுமையாகவோ பெரும்பாலுமோ பெண்களிடம்தான் ஈர்க்கப்பட்டிருந்தார்கள். பிறந்தது முதல் பெண்ணாக வளர்த்தும் ஈர்ப்பின் திசை அசையவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். என்றாலும் ‘வளர்ப்பில் வருவது’ என்ற வாதத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது.

அப்படியானால் ஜீனில் எழுதியிருக்கிறதா?

‘கே ஜீன்’ என்று தனியாக ஒன்று இல்லை. 1993இல் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டி வந்த ஆய்வு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானதால், அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019இல் சுமார் 4,77,000 பேரின் மரபணுத் தரவுகளைப் பார்த்த பெரிய ஆய்வு, குறிப்பிட்டுச் சொல்லும்படி ஐந்து இடங்களைத்தான் கண்டது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும், தன்பால் உறவு கொண்டோருக்கும் கொள்ளாதோருக்கும் இடையிலான வேறுபாட்டில் 8 முதல் 25 விழுக்காட்டையே விளக்க முடிந்தது. யாரையும் பரிசோதித்து ‘இவர் இப்படி’ என்று சொல்ல இது உதவாது. அப்படிச் சோதனை இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரட்டையர் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 1991இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், ஒரு கரு இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் மற்றவரும் அப்படியே இருந்தது 52 விழுக்காடு. இரு கரு இரட்டையரில் 22 விழுக்காடு. விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த ஆய்வு அது. பின்னர் இரட்டையர் பதிவேடுகளிலிருந்து ஆள் எடுத்தபோது இந்த எண்கள் நன்றாகவே குறைந்தன. மரபணுவுக்குப் பங்கு உண்டு, முழுப்பங்கு இல்லை என்பதே இதன் பொருள்.

மிச்சம் எங்கே? பெரும்பகுதி கருப்பையில் என்று நம்பக் காரணம் இருக்கிறது. பலமுறை உறுதிப்பட்டது அண்ணன்மார் கணக்கு. ஒரே தாய் வயிற்றில் மூத்ததாகப் பிறந்த ஒவ்வோர் ஆணுக்கும், தம்பி தன்பாலீர்ப்பாளராக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அடிப்படை வாய்ப்பு 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஓர் அண்ணன் இருந்தால் 2.7, இருவர் என்றால் 3.5, மூவர் என்றால் 4.7. மூன்று அண்ணன்கள் இருந்தும் நூற்றில் 95 பேருக்கு மேல் எதிர்பாலீர்ப்பாளர்கள்தான், ஆகவே பயமுறுத்தும் கணக்கில்லை இது. கவனிக்க வேண்டியது வேறு: அண்ணன்கள் வேறு வீட்டில் வளர்ந்தாலும் விளைவு மாறவில்லை, தத்தெடுத்த அண்ணன்கள் எத்தனை பேர் கூட இருந்தாலும் விளைவே இல்லை. வீட்டுச் சூழல் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். ஆண் கருக்களின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் காரணமாகலாம் என்பது இப்போதைய விளக்கம். பெண்களின் தன்பாலீர்ப்புக்கு இது பொருந்துமா என்பது உறுதியாகவில்லை.

அம்மா செல்லம், ஹாஸ்டல், சிறுவயதில் நடந்த வன்கொடுமை: இவை காரணமா?

கண்டிப்பான அப்பா, செல்லம் கொடுத்த அம்மா என்ற கதை பழைய உளப்பகுப்பாய்வின் எச்சம். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் யாருக்கும் ஈர்ப்பை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருப்பதைச் சிலருக்கு அடையாளம் காட்டலாம்.

வன்கொடுமை பற்றிய கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோர் எதிர்பாலீர்ப்பாளர்களாகவே வளர்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. உங்கள் பிள்ளைக்கு நடந்திருந்தால் அதற்கான உதவியை அதற்காகவே தேடுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால், நடந்த கொடுமைக்கும் உதவி கிடைக்காமல் போகும்.

இது இயற்கைக்கு மாறானதுதானே?

‘இயற்கைக்கு மாறான’ என்ற தொடர் நமக்கு வந்த வழியைப் பாருங்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1533இல் வந்தது. அந்த மரபில் ஆங்கிலேய ஆட்சியின் மெக்காலே சட்ட ஆணையம் வரைவு எழுதி, 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவானது. ‘நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விக்டோரியா காலத்து லண்டன் எழுதிய வரியைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

விலங்குகளில் உண்டா என்றால், உண்டு. செம்மறிக் கடாக்களில் சுமார் 8 விழுக்காடு, சினைப்பருவ ஆடு பக்கத்தில் நின்றாலும் கடாவையே நாடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஆடு செய்கிறது என்பதற்காக எதுவும் சரியாகவோ தவறாகவோ ஆகிவிடாது. இயற்கையில் இல்லை என்ற கூற்று பொய் என்று காட்ட மட்டுமே இது பயன்படும்.

நோயா?

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கின. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் வெளிப்படையாக இதையே அறிவித்தது. நம் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மூன்றாம் பிரிவில் ஒரு படி மேலே போகிறது: ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது.

மருந்து, ஊசி, ஜெபம், கவுன்சிலிங் எதனாலாவது மாறுமா?

ஏறத்தாழ எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டார்கள். 1940களில் ஆண் ஹார்மோன் ஊசி போட்டார்கள். வேட்கையின் அளவு கூடியது, திசை மாறவில்லை. படத்தைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், வாந்தி மருந்து கொடுத்தார்கள். உடலுறவின் மீதே வெறுப்பு வந்தவர்கள் உண்டு; எதிர்பாலின் மீது ஆசை வரவில்லை. 2009இல் அமெரிக்க உளவியல் சங்கம் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, இம்முயற்சிகள் பலிக்க வாய்ப்பில்லை, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரும் ஆபத்து உண்டு என்று சொன்னது.

‘மாறியவர்கள் இருக்கிறார்களே’ என்பவர்கள் வழக்கமாகக் காட்டியது மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் 2003ஆம் ஆண்டு ஆய்வை. 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, சொன்னதை அப்படியே ஏற்று எழுதியது அது. 2012இல் அவரே அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டு தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஜெபத்தின் வழியே மாற்றுவதாகச் சொன்ன மிகப் பெரிய கிறித்தவ அமைப்பான எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013இல் கதவை மூடியது. தாம் சந்தித்தவர்களில் 99.9 விழுக்காட்டினரின் ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ். எதிர்முகாமின் குற்றச்சாட்டாக இல்லாமல், முப்பத்தேழு ஆண்டுகள் முயன்ற அமைப்பின் சொந்த வாக்குமூலமாக இதைப் படியுங்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. குழந்தை பிறக்கலாம், அது ஈர்ப்பு மாறியதற்கு அடையாளமல்ல. ஏன் தன்னைத் தொடுவதில்லை, தன்னிடம் என்ன குறை என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொள்ளும் ஒரு பெண்ணை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறீர்கள். அவளும் யாரோ பெற்ற பிள்ளை.

தேர்வு இல்லை என்பதால் மட்டும் ஏற்க வேண்டுமா? நாளை யாராவது ‘நான் தேர்ந்தெடுத்தேன்’ என்றால்?

நல்ல கேள்வி. ‘பாவம், பிறவியிலேயே அப்படி’ என்ற இரக்கத்தின் மேல் மட்டும் ஒருவரின் உரிமையை நிறுத்தக் கூடாது. மதம் ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடியதுதான், மாறவும் செய்யலாம். அரசமைப்பின் 25ஆம் பிரிவு அதைக் காக்கிறது. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வதில் யாருக்கும் தீங்கில்லை என்றால், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

பைபிள் தெளிவாகக் கண்டிக்கிறதே?

நேரடியாகத் தொடர்புள்ளதாகக் காட்டப்படும் இடங்கள் ஆறு: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26–27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. நற்செய்தி நூல்களில் இயேசு இதைப் பற்றிப் பேசியதாக ஒரு வரியும் இல்லை.

சோதோமின் கதையில் நடக்க இருந்தது விருந்தினர் மீது கும்பல் வன்புணர்ச்சி. சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 தானே பட்டியலிடுகிறது: கர்வம், உணவுச் செழிப்பு, கவலையற்ற சுகவாழ்வு, ஏழை எளியவருக்குக் கைகொடுக்காமை. லேவியராகமத்தின் தடை வெளிப்படையானது, மழுப்ப வேண்டாம். ஆனால் அதே நூல் பன்றி இறைச்சியையும் இருவகை நூல் கலந்த துணியையும் தடுக்கிறது. எது இன்றைக்கும் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

கொரிந்தியரில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே வரும் ‘மலகோய்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மென்மையானவர்கள்’ என்று பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைச் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்கிறது. வேறு மொழிபெயர்ப்புகள் அதே சொல்லைத் தன்பாலுறவோடு சேர்க்கின்றன. அடுத்த சொல்லான ‘அர்செனோகோய்தாய்’ பவுலுக்கு முன் எங்கும் கிடைக்காத அரிய சொல். ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்பது அதன் தமிழ். சம்மதத்தோடு வாழும் இணைகளைக் குறித்தாரா, சிறுவரையும் அடிமைகளையும் பயன்படுத்தியோரைக் குறித்தாரா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு ஓயவில்லை. ரோமர் பகுதிதான் மரபான நிலைப்பாட்டின் வலுவான தூண். மரபுவழிக் கிறித்தவர்கள் அதை நேர்மையாகவே நம்புகிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை ஈர்ப்பையும் செயலையும் பிரித்துப் பார்க்கிறது. மறைக்கல்வி நூலின் 2357ஆம் எண் செயலை ஒழுங்கற்றது என்கிறது. அடுத்த 2358ஆம் எண், இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக வேறுபடுத்துவதற்கான எந்த அறிகுறியும் கூடாது என்கிறது. பங்குகளில் முதல் எண்ணை மட்டும் பிரசங்கிப்பவர்களிடம் இரண்டாவதை நினைவூட்டுங்கள். ஆங்கிலிக்கச் சபைகளின் உலக ஒன்றியத்தில், 1998 லாம்பெத் ஆயர் மாநாட்டின் தீர்மானமும் தன்பாலுறவு வேதத்தோடு ஒவ்வாது என்றுதான் சொல்கிறது; அதே தீர்மானம் பாலீர்ப்பு எதுவானாலும் எல்லோருக்கும் அக்கறையோடு ஊழியம் செய்யச் சொல்கிறது. சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை அந்த ஒன்றியத்தைச் சேர்ந்ததுதான்.

இஸ்லாத்தில்?

லூத் நபியின் சமூகம் பற்றிய வசனங்கள் (7:80–84, 26:165–166 முதலியன) அடிப்படை. சுன்னி இஸ்லாத்தின் நான்கு மத்ஹபுகளும், அதாவது சட்டப் பள்ளிகளும், செயலை ஹராம் (விலக்கப்பட்டது) என்றே கொள்கின்றன. இதை மறைத்துப் பேசினால் எந்த முஸ்லிம் குடும்பத்துக்கும் நாங்கள் உதவ முடியாது. ஆனால் மூன்று விஷயங்கள் வீட்டில் பேசத் தக்கவை. ஒன்று, மனதில் எழும் நாட்டத்துக்கும் செய்யும் செயலுக்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) வேறுபாடு காண்கிறார்கள். நாட்டம் மட்டுமே குற்றமாகாது. இரண்டு, தண்டனை பற்றி மத்ஹபுகளிடையே கருத்தொற்றுமை இல்லை. ஹனஃபி மத்ஹபின் மூலவரான இமாம் அபூஹனீபா இதை விபசாரத்துக்குரிய நிலையான தண்டனையின் கீழ் கொண்டுவரவில்லை. மூன்று, எந்த மத்ஹபிலும் தண்டிக்கும் அதிகாரம் தகப்பனுக்கோ அண்ணனுக்கோ ஜமாஅத்துக்கோ கிடையாது. லூத் சமூகத்தின் குற்றம் வன்முறையும் விருந்தினரை இழிவுசெய்ததும்தான் என்று வாசிக்கும் சமகால அறிஞர்களும் உள்ளனர், அவர்கள் சிறுபான்மை.

இந்து மதம் தடுக்கிறதா, அனுமதிக்கிறதா?

ஒரே விடை தரும் ஒரே நூல் இல்லை. மனுஸ்மிருதி ஓரிடத்தில் ஆண்–ஆண் உறவைச் சாதியிழப்புக்குரிய செயல்களோடு சேர்க்கிறது. அதே பதினோராம் அத்தியாயத்தில் இன்னோரிடத்தில் உடுத்திய துணியோடு குளிப்பதைப் பிராயச்சித்தமாக்குகிறது. பகலில் உறவுகொண்டவனுக்கும் அங்கே அதே குளியல்தான். கன்னிப்பெண்ணைக் கெடுக்கும் பெண்ணுக்கு எட்டாம் அத்தியாயம் விரல் வெட்டுவது வரை போகிறது. காமசூத்திரம் ‘மூன்றாம் இயற்கை’ என்று பேசி, கண்டிக்காமல் விவரிக்கிறது. மோகினியிடம் சிவன் மயங்கியதும், திருச்செங்கோட்டு மாதொருபாகனும், கூவாகத்துக் கூத்தாண்டவரும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றனர். இவை பாலினம் பற்றிய இறுக்கமில்லாத கற்பனைக்குச் சான்றாகலாம்; தன்பாலீர்ப்புக்கான அனுமதிச் சீட்டாக இவற்றை நீட்டுவது கொஞ்சம் அவசரம்.

நம்பிக்கையை விடாமல் பிள்ளையோடு எப்படி இருப்பது?

உங்கள் இறையியலை மாற்றினால்தான் பிள்ளை உங்களுக்கு என்று யாரும் நிபந்தனை போடவில்லை. ‘இதில் எனக்கு உடன்பாடில்லை’ என்பதற்கும் ‘இந்த வீட்டில் உனக்குச் சோறில்லை’ என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. பாதிரியாரிடமோ ஆலிமிடமோ போவதானால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ‘இவனை மாற்றுங்கள்’ என்று கேட்காமல், ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று கேளுங்கள். பேயோட்டல், கட்டாய உபவாசம், சங்கிலி, தாயத்து என்று பேச்சு தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் இன்று சொல்லிவிட்டான். இன்றிரவு என்ன செய்வது?

சாப்பிட்டானா என்று கேளுங்கள். ‘சொன்னது நல்லது, எனக்குப் புரிய நாளாகும்’ என்ற அளவில் நிறுத்துங்கள். கைப்பேசியைப் பிடுங்குவது, ‘யார் அவன்’ என்று விசாரிப்பது, பாட்டி செத்துவிடுவாள் என்பது: இந்த மூன்றும் பிள்ளையை இரவோடிரவாக வெளியே தள்ளுபவை. அவன் அனுமதியில்லாமல் மாமாவுக்கோ சித்திக்கோ சொல்லாதீர்கள். தற்கொலைப் பேச்சு இருந்தால் தனியே விடாமல் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: நாள் முழுதும், இலவசம், தமிழிலும் பேசலாம்.

மனநல மருத்துவரைப் பார்ப்பதானால், நேரம் வாங்கும்போதே தொலைபேசியில் கேளுங்கள்: “தன்பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று சொல்வீர்களா?” ‘முயன்று பார்க்கலாம்’ என்றால் வேறு ஆள் தேடுங்கள். நல்ல மருத்துவர் பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம் பார்ப்பார், ஈர்ப்பைத் தொடமாட்டார். வயதுவந்தவர் சொன்னதைப் பெற்றோரிடம்கூட அவர் சம்மதமின்றிச் சொல்ல மாட்டார்.

என்னைக் கட்டாயமாகச் ‘சிகிச்சை’க்குக் கொண்டுபோகிறார்கள். என்ன செய்யலாம்?

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கு அது. தமக்கு இது பற்றிப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் பயின்ற பிறகே அவர் தீர்ப்பெழுதினார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது.

புகார் செய்ய மருந்துச் சீட்டு, ரசீது, குறுஞ்செய்தி ஆகியவற்றைப் படமெடுத்து, நம்பகமான ஒருவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். கைப்பேசி பறிபோனால் சான்றும் போய்விடும், பல புகார்கள் நிற்காமல் போவது இங்கேதான். மருத்துவர் மீதான புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். சம்மதமின்றி உள்நோயாளியாக்கினால், மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெண்ணோ பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரோ என்றால் மூன்று நாளிலும், மற்றவர் என்றால் ஏழு நாளிலும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். வாரியத்திடம் நீங்களே முறையிடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 1098.

வீட்டைவிட்டு வந்துவிட்டால் பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுப்பார்கள். இருவரும் வயதுவந்தவர்கள், விரும்பி வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொல்லை செய்யாமல் புகாரை முடிக்கும்படி மேலே சொன்ன 2021 தீர்ப்பே காவல்துறைக்குச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களைக் கையில் வைத்திருங்கள். காவல் நிலையத்தில் முதலில் கேட்பது வயதைத்தான். தீர்ப்பின் நகலும் இருந்தால் நல்லது.

சட்டப்படி இப்போது எது குற்றம், எது குற்றமில்லை?

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பின் வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமில்லை. திருமண உரிமை இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டது. திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம், தாமே தேர்ந்துகொண்ட குடும்பத்துக்கும் மதிப்புண்டு என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நிறைவேற்றியது. இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் உள்ளன. அவற்றைத் தளர்த்தும் மசோதா அரசமைப்புக்கு முரணானதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. மலேசியாவில் தண்டனை 20 ஆண்டு வரை, பிரம்படியும் உண்டு. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனி. அங்குள்ள வாசகர்கள் யாரிடம், எந்தச் செயலியில், என்ன எழுதுகிறோம் என்பதில் மிகுந்த கவனமாக இருங்கள்.